சீக்கிரம் கட்டினாலும் அபராதமாம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, தலைதான் கிறுகிறுத்துக் கிடக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது, வீட்டுக் கடனில் மீதி நின்ற அசலுக்குச் சரியாக இருந்தது. நான் தையலை அப்படியே போட்டுவிட்டு, அப்பா பள்ளிக்கூட வேனைக் கழுவி நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வங்கிக்குப் போனோம். கடன் பிரிவில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். மொத்தமாக அடைக்க வந்திருக்கிறோம் என்றால் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அப்படின்னா கொஞ்சம் கூடுதலா ஆகுமே என்று இழுத்தாள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, லஞ்சம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, உனக்கு எவ்வளவும்மா வேணும் என்று கேட்டுவிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்தப் பெண் முகம் சிவந்து, கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, எனக்கு இல்லைங்க, பேங்குக்கு, கெடுவுக்கு முன்னாடி முடிச்சா அபராதம், நீங்க போட்ட கையெழுத்துதான் இது என்று காட்டினாள்.

தாமதமாகக் கட்டினால் அபராதம், சரி. கரண்ட் பில்லைக்கூட முதல் ஆளாகக் கட்டுகிற குடும்பம் நாம், சீக்கிரம் கட்டுவதற்கு எதற்கு அபராதம் என்று கேட்டேன். வரவேண்டிய வட்டி அவர்களுக்கு வராமல் போய்விடுமாம். இன்னும் ஒரு வருடம் போனால் அபராதமே கிடையாதாம், ஆனால் அதுவரை தவணை கட்டவேண்டுமாம், அதிலும் வட்டி போகுமாம். எது லாபம் என்று யாருக்கும் விளங்கவில்லை. மாமா பொறு என்கிறார், பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இப்போதே கட்டு என்கிறார், இரண்டு பேரும் ஒரே கால்குலேட்டரில்தான் தட்டினார்கள். அப்பாவும் முதலில் பொறுக்கலாம் என்றுதான் சொன்னார். எனக்கு உறைத்தது ஒன்றுதான். பொறுத்தால் தவணைக்காக நீ இன்னும் ஒரு வருடம் அந்த மீன் கிடங்கின் ஐஸில் நிற்கவேண்டும். விரல் மரத்துப்போய் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் முடிகிற அன்றைக்கே வேலையை விடுவேன் என்றாயே, அதையும் அப்பாவிடம் சொன்னேன். சாயங்காலம் அவர் வேனுக்குப் பெயின்ட் அடிக்க வைத்திருந்த பணத்தை எடுத்து என் தையல் மிஷின் மேல் வைத்து, அபராதம்தானே, கட்டிடலாம், அவன் வரட்டும் என்றார். நாளைக் காலையில் கட்டிவிடுவோம். கணக்கு இன்னும் எனக்குப் புரியவில்லை, புரியாமலே கட்டுகிறேன்.

கை கால் சுகத்தோடு நீண்ட நாள் நன்றாக இரு. கிளம்புகிறவரை கையுறையைக் கழற்றாதே. உன் முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடு, அங்கேயும் சீக்கிரம் கிளம்புகிறவனுக்கு அபராதம் இருக்கிறதோ என்னவோ. இருந்தால் மல்லுக்கு நிற்காதே, கட்டிவிட்டு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அம்மா
(பக்கத்தில் அப்பாவும்)