கப்பல் வந்த நாளின் பூரி

பாய், நேற்று மகள் வீட்டு விசேஷத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். பேண்ட் பொத்தான் தெறித்துப் போய் சம்பந்தியின் டீ கிளாஸில் விழுந்தது. ஊசி தேடிப் பழைய பெட்டியைக் குடைந்தபோது, அந்தமான் லாங் ஐலண்டில் நீங்கள் கொடுத்த நோட்டு கையில் சிக்கியது.

அப்போது நான் மர டிப்போவில் கிளார்க். மகள் ராமநாதபுரத்தில் என் தங்கை வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வரும்போது அவள் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு கப்பல்துறை ஜெட்டிப் படி ஏற வேண்டும் என்பதுதான் என் ஆசை. எனக்கோ வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு முட்டும். டாக்டர் திட்டிவிட்டு, கம்பவுண்டரான உங்களிடம் அனுப்பினார். டிஸ்பென்சரியில் எடை மெஷின் கிடையாது. அரிசி குடோன் தராசுக்குக் கூட்டிப் போனீர்கள்.

"அந்த மூட்டை இறங்கட்டும்ணே, அப்புறம் நீங்க ஏறுங்க" என்றீர்கள். குடோனே சிரித்தது. நானும்தான்.

மாத்திரை தருவீர்கள் என்று பார்த்தால் நோட்டைத் தந்தீர்கள். ஒரு பக்கம் என்ன சாப்பிட்டேன், எதிர்ப்பக்கம் அதற்கு முன்னால் என்ன நடந்தது. எதிர்ப்பக்கம் முழுக்க "ஒன்றுமில்லை" என்றே எழுதி வந்தேன்.

"அரே, ஒண்ணுமே நடக்காமலா ஏழு பூரி?"

"பசி பாய்."

நீங்கள் பக்கங்களைத் திருப்பினீர்கள். "பூரி எல்லாம் தபால் கப்பல் வந்த நாள்லதான் இருக்கு. அன்னிக்கு மக லெட்டர் வந்துச்சா?"

நான் நோட்டை வாங்கி மூடினேன்.

"இது பசியில்லண்ணே. இனி லெட்டர் வரலைன்னா ஹோட்டலுக்குப் போகாதீங்க. நேரா எங்கிட்ட வாங்க. சலோ, ரெண்டு பேரும் நடப்போம்."

நடந்தோம். முதல் நாள் என் சட்டைப் பையில் வடை இருந்தது. எண்ணெய்க் கறையைப் பார்த்தும் நீங்கள் கேட்கவில்லை. பாதியைப் பிட்டு வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு எனக்கு வடை கொண்டுவரக் கை வரவில்லை.

அடுத்த லீவில் மகள் வந்தாள். பெட்டியோடு படி முழுக்க ஏறினேன். "அப்பா, எங்கிட்ட குடுங்கப்பா" என்று பின்னாலேயே வந்தாள். மேலே நின்றிருந்த நீங்கள் கைகட்டிக்கொண்டு பார்த்தீர்களே தவிர, உதவிக்கு ஓர் அடி இறங்கவில்லை. அதற்காக இன்றும் உங்களைக் கும்பிடுகிறேன்.

பிறகு உங்களுக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. போன மழைக்காலத்தில் அங்குள்ள மரைன் ஹில்லிலிருந்து நீங்கள் கண்மூடிய செய்தியும் வந்தது. இப்போதும் தட்டில் கை வைக்கும் முன் "என்ன நடந்துச்சு?" என்று கேட்டுக்கொள்கிறேன். பொத்தான் கதையைப் பார்த்தால், பதிலைச் சரியாகக் கேட்பதில்லை போலிருக்கிறது.

மாற்றலுக்கு முந்திய வாரம் கப்பல் வந்தது. "லெட்டர் வந்துச்சாண்ணே?" என்றீர்கள். "இல்ல பாய்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தீர்கள்.

அன்று வந்த மகளின் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.