மாரி கை நிறம்

ஞாயிறு. மாசி பிறந்ததுமே தீ வெயில்.
பரளச்சிக்கு சினிமா வரும்னு நான் அப்பவே சொன்னேன். எவன் நம்புனான்? இன்னைக்கு வந்தாச்சு. ஆறு லாரி. (மூணுதான். நின்ன தோரணைக்கு ஆறு.) நம்ம கரிசக்காட்டுலதான் படம். டீக்கடையில கம்பெனி ஆள் ஒருத்தன், "நல்ல கருப்பா வயசுப்பிள்ளை ஒண்ணு வேணும்"னான். அக்கா மக மாரி இருக்காள்ல! ஓடிப்போய்ச் சொன்னேன்: "தாயி, டைரக்டரே என்னைய உக்கார வச்சுப் பேசுனாரு. கதாநாயகிக்குத் தங்கச்சி வேஷம். ரெண்டு வசனம்."

திங்கள். காத்தே இல்ல.
வாங்க: ஆட்டுக்குத் தவிடு, மாரிக்குப் பவுடர்.
அவளுக்கு அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில வேலை. குடோன்ல துணி மடிக்கிறது. முன்னாடி நிக்கிறதெல்லாம் செவத்த பிள்ளைக. லீவு கேட்டதுக்கு முதலாளி, "போனா அப்படியே போயிரு"ன்னுட்டாராம். "நடிகைக்கு எதுக்குத்தா குடோன்?"னேன். அக்கா மட்டும், "ஏலே, ஒழுங்கா விசாரிச்சியா?" அவளுக்கு எப்பவும் சந்தேகப் புத்தி. பிள்ளை கண்ணாடி முன்னாடி அழுது பாக்குது, சிரிச்சுப் பாக்குது.

செவ்வாய். காட்டுல ஒதுங்க நிழல் கிடையாது.
போனதும் கம்பெனி ஆள், "பவுடரைக் கழுவிட்டு வாம்மா"ன்னான். கழுவுனா. கதாநாயகி உரிச்ச பூண்டு மாதிரி வெளுப்பு. மேக்கப்காரர் மாரி கையைப் பிடிச்சு அந்தப் பொண்ணு கைக்குப் பக்கத்துல வச்சாரு. தட்டுல சாயத்தைக் குழைக்கிறாரு, அந்தப் பொண்ணுக்குப் பூசுறாரு, ரெண்டு கையையும் பாக்குறாரு. "இன்னும் கொஞ்சம் ஏத்தணும்." நாள் பூரா இதே. வேர்வையில சாயம் கரையக் கரைய ஒரே சத்தம்: "கலரைக் கூப்பிடுய்யா!" இவ எந்திரிச்சுப் போயி கையை நீட்டணும். பேரை ஒருத்தரும் கேக்கல.
கேமரா ஓடுறப்ப, "கொஞ்சம் தள்ளிக்கம்மா." கதாநாயகன் அந்தப் பொண்ணு கன்னத்தைப் பிடிச்சு, "கருப்புதான்டி இந்த மண்ணுக்கு அழகு"ன்னான். கூட்டம் பூரா கைதட்டு. நானும் தட்டிட்டேன். மாரி திரும்பி என்னையப் பாத்தா.
சாயங்காலம் அந்தப் பொண்ணு சோப்புப் போட்டுத் தேய்ச்சு, பழையபடி வெளுத்து, கார்ல ஏறிப் போயிருச்சு.

புதன். மேகம் போடுது. பெய்யாது.
டீக்கடையில ஒருத்தன், "என்ன சித்தப்பு, மருமகளுக்குக் கை நீட்டுற வேஷமாம்ல?" "பாதிப் படமே அவதான்லே"ன்னேன். யோசிச்சா பொய்யுமில்ல. சிரிச்சானுக. நானும் சிரிச்சேன். டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.
ஜவுளிக்கடையில வேற பிள்ளையைப் போட்டாச்சு. அக்கா என்கூடப் பேச்சில்ல. மாரி கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. கேட்டா: "மாமா, டைரக்டரு வேஷம் தாறேன்னுதான சொன்னாக? நேர்ல பாத்ததும் வேணாம்னுட்டாகளா? அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்?"
"அவுக புத்தி மாறிப்போச்சு தாயி"ன்னேன். தலையாட்டிக்கிட்டா.
டைரக்டரு என்கிட்ட பேசவே இல்ல. கம்பெனிக்காரன் வயசுப்பிள்ளை கேட்டதே கலர் பாக்க ஒரு கை வேணும்னுதான். அம்புட்டுத்தான். தங்கச்சி வேஷம், வசனமெல்லாம் டீக்கடையிலருந்து அக்கா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள நானா சேத்துக்கிட்டது.