சர்க்கார் மாப்பிள்ளையின் சட்டை

என்னையும் என் சட்டைகளையும் பாரபட்சம் பார்க்காமல் திட்டித் தீர்த்த என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. பத்துபஸ்தி வீட்டில் எல்லோரும் சுகம். தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. விமானம் இறங்கும்போது ஜன்னல் அதே மாதிரி நடுங்குகிறது. வைவதற்கு ஆள் இல்லாததால் வீடு மட்டும் அமைதியாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் உங்கள் மகள் மேல் ஒரு புகார். நீங்கள் போன மறுமாதம் செல்வி என் வேலைத்துணியை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைத்தாள். அவளுடைய வெளிர்நீலச் சேலை தார் ரோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது. அன்றோடு என் துணிக்குத் தனி வாளி. "அம்மா தொவைச்சாங்க, அது அவங்க பாடு. இனிமே ஒங்க துணி, ஒங்க கை" என்று சொல்லிவிட்டாள். பதினெட்டு வருஷம் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன், முதல்முறையாகத் துவைகல்லின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நான் பெண் கேட்டுக் கச்சால் தீவுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்த நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தீர்கள். "மொகம் பரவாயில்ல. கையிதான் கவுர்மெண்டு கையி மாதிரி இல்ல" என்றீர்கள். சர்க்கார் வேலையில் இருக்கிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று நீங்கள் சாமியிடம் கேட்டிருந்தீர்கள். கிடைத்ததோ, ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு தனியார் ஷெட்டில் ஜீப் கழற்றுகிற நான். செல்வி ஒற்றைக் காலில் நின்றதால் விட்டுக்கொடுத்தீர்கள்.

பிறகு சுனாமி அலை வந்து கச்சாலில் உங்கள் வீட்டைக் கொண்டுபோனது. ஒரே ஒரு பையோடு கப்பலேறி எங்களிடம் வந்தீர்கள். இரண்டு வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் நீங்கள் பேசிய முதல் பேச்சே என் சட்டையைப் பற்றித்தான். "மாப்பிள்ள, இந்தக் கறுப்போட ரோட்டுல நடந்து வராதீங்க. ஷெட்டுலயே மாத்திக்கிட்டு, அழுக்கப் பையில போட்டுக் கொண்டாங்க. நான் தொவைக்கிறேன்." அத்தைக்கு என்மேல் பாசம் வந்துவிட்டது என்று நம்பி, அன்று ஷெட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பின்கதவைச் சாத்திக்கொண்டுதான் துவைப்பீர்கள். எப்படி என்று கேட்டால், "ரப்பர் பாலு கறையவே எடுத்தவ நானு. ஒங்க கிரீஸு எம்மாத்திரம்" என்பதோடு சரி. செய்முறையைச் சொல்லாமலே போய்விட்டீர்களே, இது நியாயமா?

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். பெட்ரோலில் நனைத்தேன், கறை பரவியது, செல்வி என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். கறை அப்படியே இருந்தது, கறையைச் சுற்றியிருந்த துணி போய்விட்டது. தண்ணீர் வராத ஒரு நாள், சுற்றிலும் இவ்வளவு கடல் கிடக்கிறதே என்று வாளியோடு கரைக்கே போனேன். கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது தீவிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கிரீஸுக்கு மேல் உப்பும் மணலும் ஏறி, காய்ந்தபின் சட்டை தன் காலில் தானே நின்றது. இந்தச் சட்டைகளெல்லாம் மாதக்கணக்கில் வாசல் கொடியில் தொங்கின.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. நீங்கள் நச்சரித்து நச்சரித்துப் போடவைத்த விண்ணப்பத்துக்குப் பதில். சர்க்கார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் மெக்கானிக் வேலை. நேரில் வந்து வேலை செய்து காட்ட வேண்டும். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நீங்கள் என்னிடம் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். நீங்கள் இருக்கும்போது அதைக் கொடுக்க முடியவில்லையே.

கவர்மெண்டு கையோடும் கறையில்லாத சட்டையோடும் போய் நிற்பது என்று முடிவு செய்தேன். துவைகல்லுக்குப் பின்னால் காலி முகப்பவுடர் டப்பாக்கள் குவிந்து கிடந்தன. முகத்துக்குப் பவுடரே போடாத அத்தைக்கு இத்தனை டப்பா எதற்கு என்று யோசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. கறைமேல் பவுடரைக் கொட்டி, எண்ணெயை அது குடிக்கும்வரை விட்டு, உதறினேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பாத்திரம் விளக்கும் சோப்பைத் தேய்த்து, சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன். மூன்று நாள் பாடு. சட்டை கடையில் வாங்கியபோதுகூட அவ்வளவு வெளுப்பாக இருந்திருக்காது.

பணிமனையில் என்னோடு வரிசையில் நின்ற அத்தனை பேரும் கறுப்புச் சட்டை, கறுப்பு நகம். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "க்ளார்க் கா இன்டர்வ்யூ தோ கல் தா" என்றார். கிளார்க் வேலைக்கான இன்டர்வியூ நேற்றே முடிந்துவிட்டதாம். நான் மெக்கானிக் என்றேன். "பதினெட்டு வருஷ அனுபவம், ஒரு கறைகூட இல்லையா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, என் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். போயிற்று, துவைத்துத் துவைத்தே வேலையைத் தொலைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஓட மறுக்கிற ஒரு ஜீப்பைக் காட்டி, கீழே போய்ப் பார் என்றார். தரையெல்லாம் எண்ணெய். ஒரு நிமிஷம் தயங்கினேன் அத்தை, மூன்று நாள் உழைப்பாயிற்றே. அவர் பேனாவைத் திறந்தார். உடனே படுத்து உள்ளே நகர்ந்துவிட்டேன். கியர்பாக்ஸ் சீல் போயிருந்தது. நான் கண்டுபிடித்த அதே நேரத்தில் அதுவும் என் நெஞ்சைக் கண்டுபிடித்து ஒழுகியது. எழுந்து வந்து கோளாறைச் சொன்னேன். "அப் மெக்கானிக் லக்தா ஹை" என்றார். இப்போதுதான் மெக்கானிக் மாதிரி இருக்கிறேனாம்.

போன மாதம் பட்டியல் வந்தது. என் பெயர் இருக்கிறது. நான் இப்போது சர்க்கார் ஆள், அத்தை.

இனிப்பை எடுத்துக்கொண்டு செல்வியோடு பக்கத்து வீட்டு மாலதி தீதியிடம் முதலில் போனேன். அந்தப் பெங்காலி அம்மா வாங்கிக்கொண்டு, "அரே பாண்டி பாய், ப்ரொமோஷன் ஹோ கயா க்யா?" என்றார். இப்போதுதான் வேலை கிடைத்தவனுக்கு ஏது பதவி உயர்வு என்று எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். நீங்கள் வந்த புதிதிலேயே தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறீர்கள்: மருமகன் சர்க்கார் பணிமனையில் பெரிய மிஸ்திரி, அவர் கை வைக்க மாட்டார், சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லுவார், மற்றவர்கள்தான் கழற்றுவார்கள் என்று. "கொஞ்ச நாளாகக் கொடியில் கறுப்புத் துணி தொங்கியதே, உங்களைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நினைத்து நாங்கள் கேட்கவில்லை" என்றார் தீதி. நான் திரும்பிச் செல்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை வருஷமும் நீங்கள் துவைத்தது என் சட்டையை அல்ல, அப்படித்தானே அத்தை? எனக்குக் கோபம் வரவில்லை. எல்லாம் போன பிறகு உங்களுக்கென்று இருந்தது ஒரு மருமகன்தான். அவனைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டீர்கள்.

"ஹான் தீதி, ப்ரொமோஷன்தான்" என்றேன்.

உண்மையில் அந்தப் பணிமனையில் கடைசி ஆள் நான். எல்லா வண்டிக்கு அடியிலும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். அது இந்தத் தெருவுக்குத் தெரியவேண்டியதில்லை. நீங்கள் சொன்ன பொய்யின் மேல் ஒரு சொட்டுக் கிரீஸ் படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கை வைக்காத பெரிய மிஸ்திரி,
உங்கள் மருமகன் பாண்டி