முதல் பாகத்தில் நீங்கள் விட்ட மூச்சு

அப்பா,

இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், "என்னைக்கு, எந்த மண்டபம், அத மட்டும் சொல்லு ஆத்தா" என்று என்னிடமே திருப்பித் தந்துவிடுவீர்கள். அப்படிப்பட்டவருக்குப் பக்கம் பக்கமாக எழுதுவது நியாயமில்லைதான். ஆனால் எனக்கு வாயால் பேச வராது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை உங்களைப் பார்த்தேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் மாறி, திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு அக்கா மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு போனில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எனக்குத் தெரிந்தது சாமியானாதான். நீலமும் வெள்ளையுமான உங்கள் பந்தல் கடைத் துணி. ஓரத்தில் நீங்கள் கோணி ஊசியால் தைத்த ஒட்டுக்கூடத் தெரிந்தது. அதன் கீழே பெஞ்சில் நீங்கள் படுத்திருந்தீர்கள். கழுத்தில் மாலை, தாடையில் கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு.

அந்த அக்கா திரையை இரண்டு முறை தட்டினார். பத்து நொடி, இன்னொரு பத்து நொடி. உங்களைத் தாண்டிப் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. இழவுக் காட்சியை யார் பொறுமையாகப் பார்ப்பார்கள்? "அக்கா, அது எங்கப்பா" என்று தோளைத் தொட்டுச் சொல்ல நினைத்தேன். என் ஸ்டாப் வரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு இறங்கிவிட்டேன்.

அந்தத் தொடர் எடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நான் காலேஜில் கடைசி வருஷம். பொன்னமராவதிக்கு வெளியே ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, சென்னையிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்தார்கள். சாவு வீட்டுக்குச் சாமியானாவும் சேரும் வேண்டுமென்று நீங்கள் வேலை பார்த்த பந்தல் கடைக்கு ஆர்டர் வந்தது. லோடு ஆட்டோவில் சாமான்களோடு போன நீங்கள், சாயங்காலம் சந்தனமும் பன்னீரும் மணக்க வந்து நின்றீர்கள். பிணமாக நடிக்க வந்தவருக்கு இருமல் நிற்கவில்லையாம். டைரக்டர் உங்களைப் பார்த்து, "அண்ணே, அந்த பெஞ்சுல கொஞ்சம் படுங்களேன்" என்றாராம்.

"பெஞ்சு ஆடுதான்னு பாக்கச் சொல்றாங்கன்னு நெனச்சுப் படுத்தேன். அப்படியே மாலையைப் போட்டுட்டாங்க."

இதைச் சொல்லி நீங்கள் சிரித்தபோது அம்மா சிரிக்கவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வாசப்படிய மிதிக்காதீங்க. மொதல்ல கொல்லப்பக்கம் போயிக் குளிங்க."

"நடிப்புடி. நெசமாவா செத்துட்டேன்?"

"உசுரோட இருக்கையிலேயே பொணமாப் படுத்தவருக்கு வீட்ல என்ன எடம்? அங்கிட்டே போயிப் படுத்துக்கங்க!"

அப்பா, அம்மாவின் அந்த ஒரு வரியை நீங்கள் அன்றே மறந்திருப்பீர்கள். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

கொல்லையில் டிரம்மிலிருந்து நான்தான் உங்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். முதுகைத் தேய்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். மொத்தமே ஆறு பாகம்தான். மினி சீரிஸ் என்று பெயர். எடுப்பதற்கு முன்பே கடைசி என்னவென்று எழுதி வைத்துவிட்டார்கள். அப்பன் செத்துப்போன வீட்டில் மூன்று பிள்ளைகள் கூடி, அந்த வீட்டை விற்பதா வேண்டாமா என்று அடித்துக்கொள்வதுதான் கதை.

"வித்தாங்களா இல்லையான்னு கேட்டேன் ஆத்தா. சொல்ல மாட்டேன்னுட்டாங்க. எனக்கு பிளாஷ்பேக் இருக்கா தம்பின்னு கேட்டேன். ஆறே பாகம்ணே, அதுக்கெல்லாம் எடமில்லண்ணேன்னு அந்த அசிஸ்டென்ட் தம்பி சொல்லிருச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். "இன்னொன்னும் சொன்னாங்க. பொணமா நடிச்சவன் சும்மா எந்திரிச்சு வரக் கூடாதாம். கேமராவப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் எந்திரிக்கணுமாம். அதையும் படம் புடிக்கிறாங்க. அப்பத்தான் தோஷம் ஒட்டாதாம். எனக்கு எங்க சிரிப்பு வருது? அந்தத் தம்பி வந்து, 'அண்ணே, அக்கா வீட்ல வெளக்கமாத்தோட நிக்கிறாங்களாம்'னுச்சு. சிரிச்சேன் பாரு, மாலையே அறுந்துபோச்சு."

"அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"அவ எங்க பேச விட்டா?"

அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்ட பிறகுதான் உங்களை உள்ளே விட்டார். சோறு போடும்போது கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. டிவியில் அவருடைய சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறு நாள்ல முடியிறதுக்குப் பேரு கதையா? இதுல ஒரு வளைகாப்பே ஆறு வாரம் ஓடுது."

"அதான் அந்தப் பிள்ள பத்து வருஷமா வயித்துக்குள்ளயே இருக்கு."

"இருக்கட்டுமே. எங்க சீரியல்ல செத்தவன்கூட ஞாபகம் தப்பிப்போயித் திரும்பி வருவான். ஒங்களுது மாதிரி மொதப் பாகத்துலயே பொட்டுனு போயிட மாட்டான்."

நான் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தேன். புரை ஏறியது. நீங்கள்தான் தலையில் தட்டினீர்கள். மறுநாள் டீக்கடையில், "என்ன மாப்ள, எழவுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடல?" என்று கேட்டார்களாம். அதையும் வந்து சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களோடு வேலை பார்த்தவர்கள்தான் உங்களுக்கும் சாமியானா போட்டார்கள். அதே நீலம், அதே வெள்ளை. தாடைக்கட்டுக் கட்டியபோது கூட்டத்தில் யாரோ, "அன்னைக்குப் படத்துல படுத்திருந்த மாதிரியே இருக்காரு" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அதுவரை அழுதுகொண்டிருந்தவர் அத்தோடு நிறுத்திவிட்டார்.

தொடர் தை மாதத்தில்தான் வந்தது. ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், பழைய பைல்கள் அடுக்கியிருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முதல் பாகத்தில் உங்களை நான்கு இடத்தில் காட்டுகிறார்கள். மூன்றில் தூரத்தில் இருக்கிறீர்கள். நான்காவதில் கதையில் வரும் கடைசி மகள் ஓடிவந்து உங்கள்மேல் விழுகிறாள். அவளைப் பிடித்துத் தூக்கிய பிறகு கேமரா உங்கள் நெஞ்சில் கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்போது மாலையில் ஒரு ரோஜா மெதுவாக மேலே ஏறி, கீழே இறங்குகிறது.

மூச்சை அடக்கத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அடக்கித்தான் பார்த்திருப்பீர்கள். அவள் விழுந்த வேகத்தில் உங்களை மீறி வந்துவிட்டது. வெட்டி ஒட்டியவர்கள் கண்ணிலும் படவில்லை, எழுதியவர்கள் கண்ணிலும் படவில்லை. உங்கள் மூச்சு அதற்குள் அப்படியே இருக்கிறது. அன்று மீதிச் சோற்றை நான் சாப்பிடவில்லை. அந்த ஒரு இடத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்றுவிட்டார்கள், அப்பா. பெரியவன் பூட்டிச் சாவியைக் கொடுக்கிறான். கடைசி மகள் மட்டும் சுவரிலிருந்த உங்கள் படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அதோடு முடிகிறது. அடுத்த பகுதி என்று ஒன்று கிடையாது.

சுவரில் மாட்டுவதற்காக அங்கேயே வைத்து உங்களை ஒரு போட்டோ எடுத்தார்களே, ஆறு பாகத்திலும் அதுதான் சுவரில் தொங்குகிறது. முதல் பாகத்தில் அதற்குப் புது மாலை. மூன்றாவதில் வாடிவிட்டது. ஐந்தாவதில் நார்தான் மிச்சம். முதலில் எல்லோரும் உங்களைப் பற்றியே பேசுகிறார்கள். போகப் போக வீட்டைப் பற்றி, பங்கைப் பற்றி, ரயிலுக்கு நேரமாவதைப் பற்றி. ஆறாவதில் யாரும் உங்கள் பேச்சையே எடுப்பதில்லை. சின்னக் கதை என்பதால் எல்லாம் கண்ணுக்கு எதிரிலேயே நடந்துவிடுகிறது. அம்மா பார்க்கும் சீரியல் என்றால் இறந்தவரை மறப்பதற்கே ஒரு வருஷம் ஆகும். நடுவில் வேறொருவரைக் கொண்டுவந்து, இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்தும் போடுவார்கள். இதில் அதற்கெல்லாம் இடமில்லை. கடைசியில் பெயர்கள் ஓடுமே, அதையும் விடாமல் பார்த்தேன். பந்தல் என்ற இடத்தில் கடையின் பெயர் இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை.

நம் வீட்டுச் சுவரில் உங்கள் படமே இல்லை, அப்பா. அம்மா மாட்ட விடவில்லை. "மாலை போட்டுப் பாத்ததெல்லாம் போதும்" என்கிறார். டிவியையும் போடுவதில்லை. சித்தி வந்து போட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அங்கிட்டே போயிப் படுத்துக்கங்கன்னேனே. போயிப் படுத்துட்டாரு பாத்தியா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. டாக்டரே அடைப்புன்னுதானே சொன்னாரு?"

"டாக்டருக்கு என் வாயப் பத்தி என்ன தெரியும்?"

அப்போதுதான் நீங்கள் சிரித்துவிட்டு எழுந்த கதையைச் சொன்னேன். தோஷம் ஒட்டாமல் இருக்க வேண்டியதை அவர்களே செய்துவிட்டார்கள் என்றேன். அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"எங்க, காட்டு."

காட்ட என்னிடம் எதுவும் இல்லை. எனக்குப் போனில் பேசுவதென்றாலே கை வேர்க்கும். இருந்தும் பந்தல் கடை முதலாளியிடம் அந்த அசிஸ்டென்ட் அண்ணனின் நம்பரை வாங்கி, பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவருக்கு உங்களை நினைவிருந்தது. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்றதும், அந்தச் சிரிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"இல்லம்மா. படத்தை முடிச்சுக் குடுத்ததும் தேவையில்லாததை எல்லாம் அழிச்சுட்டாங்க. ஹார்ட் டிஸ்க் அடுத்த வேலைக்குப் போயிருச்சு. சின்ன சீரிஸ்ல இதையெல்லாம் யாரும் பத்திரமா வைக்கிறதில்ல."

"சரிங்கண்ணே."

"அப்பா நல்லாச் சிரிச்சாரும்மா. எனக்கு ஞாபகம் இருக்கு."

அதை அம்மாவிடம் சொன்னேன். "ஞாபகத்த எப்புடிம்மா பாக்குறது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை போனையே அம்மா முன் நீட்டினேன். அந்த ரோஜாவையாவது பார்க்கட்டும், நீங்கள் மூச்சு விடுவதையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். சாமியானா வந்ததுமே அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "இப்ப பாருங்கம்மா, இப்ப, இப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திறக்கவில்லை. மூடிய இமைகளின் ஓரத்தில் தண்ணீர் மட்டும் வந்தது.

இந்த மாதக் கடைசியோடு அந்தத் தொடரை ஆப்பிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம். போனில் அப்படிப் போட்டிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வெறும் கறுப்புதான் விழுகிறது. தோழியின் போனை எதிரில் பிடித்து எடுத்துப் பார்த்தேன். கோடு கோடாக வருகிறது. ரோஜா ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியவில்லை. அதனால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். ஏறும்போது கொஞ்சம் வேகம். இறங்கும்போது நிதானம். கண்ணை மூடினாலும் எனக்கு இப்போது தெரிகிறது. அது போதும் எனக்கு. இருப்பதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

அம்மாவிடம்தான் எதுவும் இல்லை.

உங்களிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பரீட்சை பீஸ்கூட அம்மா வழியாகத்தான் கேட்டிருக்கிறேன். இதை நானே கேட்கிறேன். "கனவுலகூட எட்டிப் பாக்கல, அம்புட்டுக் கோவம்" என்று அம்மா சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என் கனவுக்கு வர வேண்டாம், அப்பா. அம்மாவின் கனவில் ஒரே ஒரு நாள் வாருங்கள். வந்து எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம். அவர் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குப் போலவே, மாலை அறுந்து விழுகிற மாதிரி ஒரு முறை சிரித்துவிட்டுப் போங்கள்.