வெள்ளிக்கிழமைக் கணக்கு அறுநூற்று ஐந்து

அன்பு மகள் பாப்புவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தைக் காலையும் மாலையும் கடவுளிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய பட்டியல் வந்து இரண்டு மாதம் ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது. ஒரு வாரம் நான் குடித்தது தின்றது எல்லாம் எழுதி அனுப்பினேனே, ஒவ்வொன்றுக்கும் எதிரே காஃபீன் எத்தனை மில்லிகிராம் என்று நீ போட்டிருந்ததை நாலு தடவை படித்தேன். பொட்டலம் மடித்து அனுப்பிய நம் வீட்டுக் காப்பித்தூளுக்குள் ஒளிந்திருந்ததை உன் மெஷின் தனியே பிரித்துக் கோடு போட்டுக் காட்டிவிட்டதே, என்ன கண் அதற்கு. தேயிலை எங்கே, காப்பிக்கொட்டை எங்கே, கோக்கோ எங்கே, மூன்றுக்குள்ளும் ஒரே சரக்கை வைத்தவனை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தலைவலி மாத்திரையிலும் உண்டு என்றதும் அப்பா, "அதையும் விட்டு வைக்கலையா" என்று வாயைப் பிளந்தார்.

மற்ற நாட்களில் நான் இருநூற்றுச் சொச்சம்தான், வெள்ளிக்கிழமை மட்டும் அறுநூற்று ஐந்து. பெரியவர்களுக்கு நானூறு வரை பயமில்லை என்று எழுதியிருந்தாய். நான் பட்டினி கிடந்து பிரார்த்தனை செய்யும் நாள் அது. சாப்பாடுதானே கூடாது என்று வெறும் வயிற்றில் ஐந்து காப்பி, அது நானூற்று இருபத்தைந்து, இரண்டு டீ எண்பது, மாலைத் தலைவலிக்கு இரண்டு மாத்திரை நூறு. உன்னிடமும் அப்பாவிடமும் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், வெள்ளி மாலை கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கும், கூப்பிய கை நடுங்கும், அது கடவுளே வந்து தொடுவது என்று பதினோரு வருடமாக நம்பியிருந்தேன். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, "உனக்குச் சாமி வர்றதுக்கு முன்னாடியே காப்பி வந்துடுது போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று உன் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

நீ எழுதியபடி ஒரேயடியாக நிறுத்தாமல் வாரா வாரம் குறைத்துக்கொண்டு வந்தேன். நேற்று வெள்ளி, வெறும் வெந்நீர்தான். பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். நெஞ்சு அடிக்கவில்லை, கை ஆடவில்லை, இனி வரமாட்டான் என்று எழுந்துவிடப் பார்த்தேன். அப்போது பக்கத்து அறையில் அப்பா பேப்பர் புரட்டுவது கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. அவனிடம் வேண்டிக்கொள்ள வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, உன் பெயர்கூட. அப்பா வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது. "என்னடி, இன்னைக்குக் கை ஆடலையே, முகம் மட்டும் இப்படி நனைஞ்சிருக்கு" என்றார். தொட்டுப் பார்த்தேன், ஆமாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

குடித்ததை எழுதும் நோட்டில் நேற்றைய தேதிக்கு எதிரே பூஜ்யம் போட்டிருக்கிறேன். ஊரார் கோப்பையையெல்லாம் அளக்கிறாய், உன் கோப்பையையும் ஒரு வாரம் எழுதி அனுப்பு, மாத்திரையை மறைக்காதே, நான் கூட்டிப் பார்ப்பேன். நீ நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா