சுபத்திராவுக்கு ஓர் இடியப்ப யந்திரம்

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

சுபத்திராவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்தேன். இரண்டு கைகளிலும் பெருவிரல் மூட்டு தேய்ந்திருக்கிறதாம். பிழியக் கூடாது, முறுக்கக் கூடாது, எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டர். அதாவது, இனி இடியப்ப உரலைத் தொடக் கூடாது.

வரும் வழியில் அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு என்றால் இடியப்பமும் சொதியும்தான். அதை விட வேண்டிவந்தால் மனசு உடைந்துபோவாள்.

"கவலைப்படாத, நான் ஒரு வழி பண்றேன்" என்றேன். "ம்" என்றாள்.

அரசாங்கத்தில் மின்சாரப் பிரிவில் அத்தனை வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரு மோட்டாரை வைத்து மாவு பிழிய முடியாதா என்ன?

ஏப்ரல் 13, ஞாயிறு

பக்கத்து வட்டாரமான பெர்மாஸ் ஜெயாவில், கடைவரிசையின் மாடி ஒன்றில் பொதுப் பட்டறை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வரலாம். கருவிகள் எல்லோருக்கும் பொது. ஒரே நிபந்தனை, எதைச் செய்தாலும் அதன் வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். பிடித்திருந்தது.

நடத்துபவர் லோகேஸ்வரன். வாரநாளில் பாலம் தாண்டிப்போய் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, ஞாயிறு இங்கே. ஒருவர் பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் பானை வனையும் சக்கரம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் மீன்தொட்டிக்குத் தானாக இரை போடும் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். முப்பரிமாண அச்சு யந்திரங்களைப் பார்த்துக்கொள்பவள் ரூபினி, தொழிற்சாலை எஞ்சினியர்.

என் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "ஆண்டிக்காகவா? சோ ஸ்வீட் லா அங்கிள்" என்றாள் ரூபினி. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கார் வைப்பர் மோட்டார். ரூபினி அச்சடித்த பல்சக்கரம். பானைக்காரரின் களிமண்ணைப் போட்டுச் சோதித்தோம். சாம்பல் நிறத்தில் இடியப்பம் வந்தது! படமெடுத்து சுபத்திராவுக்கு அனுப்பினேன். பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள்.

மே 11, ஞாயிறு

களிமண் வேறு, அரிசிமாவு வேறு. மாவு வைத்ததும் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிட்டது. போனில் கேட்டால், "மாவு சூடா இருக்கணும், ஆறிட்டா கல்லு மாதிரி" என்றாள். வீட்டிலிருந்து கொண்டுபோவதற்குள் ஆறிவிடுகிறது. ஆகவே அடுப்போடும் அகப்பையோடும் அவளையே கூட்டிப்போய்விட்டேன்.

அவள் மாவு கிளறித் தந்தாள். நான் விசையைத் தட்டினேன். அடித்தட்டு கழன்று, மாவு எகிறிப்போய் மின்விசிறியில் அப்பிக்கொண்டது. "அலமாக்" என்று தலையில் கைவைத்தார் லோகேஸ்வரன். வயிறு வலிக்கச் சிரித்தோம். சுபத்திராவும் சிரித்தாள். பிறகு தரையைத் துடைத்தாள்.

மே 25, ஞாயிறு

இன்று மூன்று முறை சோதனை. மூன்று முறையும் மாவு கிளறித் தந்தாள், முகம் சுளிக்கவில்லை. என்னைவிட அவளுக்குத்தான் ஆர்வம் அதிகம் என்று நினைக்கிறேன். சாயங்காலம் கை வீங்கியிருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். சீக்கிரம் முடிக்க வேண்டும், பாவம்.

ஜூன் 15, ஞாயிறு

வைப்பர் மோட்டாருக்கு முழுக்குப் போட்டாயிற்று. வீட்டு உரலையே அமுக்க, காரைத் தூக்கும் மின்சார ஜாக்கி, அதைத் தாங்க லோகேஸ்வரன் பற்றவைத்த இரும்புச் சட்டம். வந்தது. வெள்ளையாக, அறுபடாமல், சுருள் சுருளாக.

ஜூலை 20, ஞாயிறு

பட்டறையில் செய்ததையெல்லாம் ஊருக்குக் காட்டும் நாள். பலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் மேசையில் ரூபினி 'சுபத்திரா 1' என்று பலகை வைத்துவிட்டாள். காலையிலிருந்து சுபத்திரா மாவு கிளறிக் கிளறித் தர, நான் விசையைத் தட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தோம்.

சந்தையில் புத்து மாயாம் விற்கும் மலாய்க்கார அம்மா ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார். நம் இடியப்பத்துக்குத்தான் அவர்கள் மொழியில் அந்தப் பெயர். "பக்சிக், தாங்ஙான் சாக்கிட் கா?" என்று கேட்டார். 'மாமா, உங்களுக்குக் கை வலியா' என்று.

இல்லை, மனைவிக்குத்தான் என்றேன். அவர் சுபத்திராவைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்து மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தார். "ஓ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

ஏன் அப்படிப் பார்த்தார்?

ஜூலை 21, திங்கள்

நேற்று ராத்திரி யந்திரத்தைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தேன். பாதி மேசையை அடைத்துக்கொண்டது. காலையில் பார்த்தால், அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

என்ன என்று கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை அவள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. மாவு யார் வறுக்கிறது? யார் கிளறுறது? பிழிஞ்சத யார் அவிக்கிறது? முன்னெல்லாம் ஒரு உரலைக் கழுவினேன். இப்ப உரலையும் கழுவணும், இந்த இரும்பையும் துடைக்கணும். கழுவுறதுக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருக்காக இத்தனை ஞாயிறு ஓடினேன்? அவளுக்காகத்தானே — வேற யாருக்காக? ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலையே. 'ம்' மட்டும்தானே சொன்னா.

ஜூலை 22, செவ்வாய்

காலைச் சாப்பாடு மாமாக் சாப்பாட்டுக்கடையில், ரொட்டி சானாய். தனியாக.

ஜூலை 23, புதன்

வரைபடத்தைப் பொதுவில் போட ரூபினி கேட்டிருந்தாள். கூடவே சில குறிப்புகளும் எழுத வேண்டும். யாருக்காகச் செய்தது என்ற இடத்தில், 'கையால் பிழிய முடியாதவர்களுக்கு' என்று எழுதினேன்.

எழுதிவிட்டு என் கையைப் பார்த்தேன். எழுதிய கை என்னுடையது. ஒரு வலியும் இல்லை, ஒரு வீக்கமும் இல்லை. திருகாணி முறுக்குகிறது, சுத்தியல் பிடிக்கிறது, அவள் திறக்க முடியாத ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கிறது. பட்டறையில் அத்தனை பேர் இருந்தோம். மோட்டார் போதுமா என்று யோசித்தோம், தட்டில் ஓட்டை எத்தனை என்று யோசித்தோம். இந்தக் கையாலேயே பிழியலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முதலில் எனக்கே தோன்றவில்லை.

வெட்கமாக இருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 27, ஞாயிறு

யந்திரத்தைச் சந்தைக்கார அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம், நானும் லோகேஸ்வரனும். தினமும் கூடை கூடையாகப் பிழிகிறவர். விசையைத் தட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பலகையை மட்டும் நான் எடுத்து வந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

மாவு வறுத்தேன். தீய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தண்ணீர் அதிகம். கூழ். "கொதிக்கிற தண்ணிய மொத்தமா ஊத்துனீங்களா?" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. எழுந்து வரவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று வந்துவிட்டது. மாவைக் கிளறி, சூடு ஆறுமுன் உரலில் அடைத்து, இரண்டு கையாலும் அமுக்கினேன். இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. நாலு தட்டு பிழிவதற்குள் தோள்வரை வலித்தது. சில இடத்தில் அறுந்துதான் போயிருந்தது. இருந்தாலும் இடியப்பம். சொதியில் புளிப்பு கொஞ்சம் தூக்கல்.

தட்டில் எடுத்துவைத்து அவள் முன்னால் வைத்தேன். பார்த்தாள். விரலால் ஒன்றைத் தொட்டும் பார்த்தாள். "பரவால்ல, நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு தட்டை என் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு ரொட்டியும் காயாவும் போதும்."

"ஏன், உனக்கு இடியப்பம்தானே பிடிக்கும்?"

"உங்களுக்குத்தான் பிடிக்கும்" என்றாள்.

ரொட்டியை வாட்டி, காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமைத் தடவிக் கொடுத்தேன். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள்.