மாடிக் குளத்தில் கை வைத்தேன்

ஜூன் 14, ஞாயிறு

காலையிலேயே வெயில். கேம்ப் ரோட்டில் ஒரு வீடு. தரைக்கடியில் சம்ப் ஒன்று, மேல்தொட்டி ஒன்று. தேய்ப்பு, பிளீச்சிங், இரண்டு தரம் அலசல். வீட்டம்மா எட்டிப் பார்த்து, "அண்ணா, தரையிலயே முகம் தெரியுதே!" இடுப்பு வலி பாதி போச்சு.

மகள் யாழினி முடிச்சூரில், சித்தி வீட்டில். நாளை வருவாள். மொட்டைமாடியில் அவள் குளம்: பழைய நீல டப், அடியில் சேறு, கப்பி மீன் ஐந்து, நத்தை ஒன்று, பச்சைப் பசேலென்று தண்ணீர். வெள்ளிக்கிழமை பள்ளியில் காட்டணும். இந்த அழுக்கோடா? என் பிழைப்பே தொட்டி கழுவுவது. மீன்களை மக்கில் பிடித்து வைத்துவிட்டு, சேற்றைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டினேன். தேய்ப்பு, பிளீச்சிங், அலசல். நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரையே ஊற்றி, மீன்களை விட்டேன். டப் பளபள. பிள்ளை அசந்துபோவாள்.

வாங்க: புது பிரஷ்.

ஜூன் 15, திங்கள்

புழுக்கம். இரண்டு மீன் செத்து மிதக்கின்றன. மற்ற மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

மனைவி கலா: "இன்னாய்யா பண்ணி வச்ச? அதையும் சம்ப்புனு நெனச்சுகினியா?"

மாலை யாழினி வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓட்டம். எத்தனையோ தொட்டிக்குள் இறங்கியவன், படியிலேயே நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதுதான் கஷ்டம்.

"கேன் தண்ணியா ஊத்துன?"

"நல்ல தண்ணிம்மா. நாம குடிக்கிறது."

"நமக்கு நல்லதுப்பா. பாசி வெயில வாங்கித்தான் மீனுக்குக் காத்து குடுக்கும். மீன் கழிவ சேத்துல கண்ணுக்குத் தெரியாம இருக்குறதுங்க தின்னும். மிச்சம் பாசிக்கு சாப்பாடு. நீ அத்தன பேரையும் கழுவிட்ட."

நான் ஐந்து மீனை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தேன்.

துணி அலசக் கலா பிடித்து வைத்திருந்த போர்வெல் தண்ணீர் வாளிக்கு மூன்று மீனையும் யாழினி மாற்றினாள்.

ஜூன் 16, செவ்வாய்

தூறல். வேலைக்குப் போகவில்லை. யாழினி கொடுத்த லிஸ்ட்:
டப்பை நிறைய தரம் அலசு.
போர் தண்ணீர் ஊற்று.
சேறு.
ஏரித் தண்ணீர், பச்சையாக, ஒரு பாட்டில்.
பிரஷ் கூடாது. (அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.)

கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறினேன். சேறு நாலு கைப்பிடி தேறியது. அதற்குள் நத்தை! உயிரோடு! அதனிடம் சத்தமாகவே மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து வீட்டு மாடியில் யாரும் இல்லை.

சேலையூர் ஏரிக்கரையில் வாக்கிங் ஆசாமி ஒருவர்: "இன்னா சார், அழுக்குத் தண்ணியப் புடிச்சுகினு போற?"

"பொண்ணு கேட்டுச்சு."

யாழினி சொல்கிறாள், ஏரியும் இதே மாதிரிதானாம், பெரிய டப். நல்லவேளை, அதைக் கழுவ யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஜூன் 18, வியாழன்

இரண்டு நாளாக நல்ல வெயில். தண்ணீரில் லேசாகப் பச்சை. மீன்களை விட்டாள். மூன்றும் மேலே வரவில்லை. அடியில் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. நானும் மூச்சு விட்டேன்.

நாளைக்கு எடுத்துப் போகிற நோட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பார்த்தேன்.

உயிரற்றவை: வெயில், தண்ணீர், காற்று, சேறு.
உயிருள்ளவை: பாசி, மீன் 3, நத்தை 1, சேற்றில் கண்ணுக்குத் தெரியாதவை, அப்பா.

அப்பாவுக்கு நேரே 'கிட்டே விடக்கூடாது' என்று எழுதி, அடித்திருக்கிறாள். பக்கத்தில்: 'திருந்தி வருகிறது.'